எந்தக் கால் முன்னால்? கைப்பழக்கமும் குத்துச்சண்டை நிலையும்: மலையில் பழகுவோர் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாகக் குத்துச்சண்டை பழக வருபவர்களும், பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரும் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுவோம். தமிழில் "முன்கை" என்றால் முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி. எதிராளிக்கு அருகில் நிற்கும் கையையும் அப்படியே சொன்னால் குழப்பம் வரும். அதனால் முன்னால் இருப்பதை லீட் கை, லீட் கால் என்றும், பின்னால் இருப்பதைப் பின் கை, பின் கால் என்றும் எழுதுகிறோம்.

ஆர்த்தடாக்ஸ், சவுத்பா: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இடது காலும் இடது கையும் முன்னால், வலது இரண்டும் பின்னால் இருந்தால் ஆர்த்தடாக்ஸ். அதை அப்படியே கண்ணாடியில் பார்த்தால் சவுத்பா: வலது முன்னால், இடது பின்னால். லீட் கையால் போடும் நேர்க்குத்து ஜாப். பின் கையால் போடும் நேர்க்குத்து கிராஸ். சவுத்பாவுக்கு ஜாப் வலது கையில், கிராஸ் இடது கையில் வரும்.

சோத்தாங்கைக்காரர் என்றால் ஆர்த்தடாக்ஸ், பீச்சாங்கைக்காரர் என்றால் சவுத்பா. அவ்வளவுதானே?

பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஆனால் காரணம் தெரியாமல் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டால் தவறு நேரும்.

பலமான கையைப் பின்னால் வைப்பதற்குக் காரணம் தூரம். பின் கைக் குத்து நீண்ட வழி வருகிறது. பின் காலின் பந்துப்பகுதி (விரல்களுக்குப் பின்னால் தரையில் ஊன்றும் பாகம்) தரையை உந்த, குதிகால் வெளிப்பக்கம் திரும்ப, இடுப்பு சுழன்று, தோள் வந்து, கடைசியாகத்தான் கைமுட்டி போய்ச் சேர்கிறது. இந்தச் சங்கிலி ஒழுங்காக ஓடுவதற்குக் கையில் ஒருங்கிணைப்பு வேண்டும். கல்லை வீசத் தெரிந்த கைக்கு அது எளிதாக வரும். லீட் கைக்கு அவ்வளவு நீண்ட ஓட்டம் கிடையாது. ஆனால் ஒரு ரவுண்டில் அதிகமாக வேலை செய்வது அந்தக் கைதான். தூரம் அளப்பதும், மறைப்பதும், தொந்தரவு கொடுப்பதும் அதன் பொறுப்பு. எந்தக் கையை எந்த வேலைக்கு வைப்பது என்று யோசித்தால்தான் விடை கிடைக்கும். கையின் பெயரை மட்டும் கேட்டால் கிடைக்காது.

எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையில்தான். இதில் என்ன சந்தேகம்?

சந்தேகமே அங்கேதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் சோறு எடுக்கும் கையைக் குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை. பெரியவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். இடது கையை நீட்டிய குழந்தைக்கு "அந்தக் கையாலயா வாங்குவ?" என்று ஒரு அதட்டல், பள்ளியில் பென்சிலைக் கை மாற்றிப் பிடிக்கவைத்த டீச்சர், கோவிலில் திருநீறு வாங்கும்போது இன்னொரு திருத்தம். பத்து வருடம் இப்படிப் போனால் இயல்பிலேயே இடக்கைக்காரரான பையன் வலது கையால் அழகாக எழுதுவான், சாப்பிடுவான். கல்லெறியச் சொன்னால் மட்டும் இடது கை தானாக மேலே போகும்.

உலகில் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்பது பொதுவான கணக்கு. ஒரு வகுப்பில் இருபது பேர் இருந்து, எல்லோரும் "ரைட்டு" என்று சொன்னால், நாங்கள் அதை அப்படியே நம்புவதில்லை.

மறுபக்கமும் உண்டு. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடது கையில், ஆடியது வலது கையில். கங்குலி வலக்கைக்காரர், பேட்டிங் மட்டும் இடது. ரஃபேல் நடால் எழுதுவது வலது கையில், டென்னிஸ் ஆடியது இடது கையில். பேனா பிடிக்கும் கை விளையாட்டில் எதையும் உறுதியாகச் சொல்லாது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

யாரும் திருத்திவிடாத வேலைகளைப் பாருங்கள். சொல்லிக்கொடுக்காமல் வந்த பழக்கத்தில்தான் இயல்பு தெரியும்.

தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைக் குறிபார்த்துக் கல்லெறியச் சொல்லுங்கள். மூன்று முறை போதும். எந்தக் கை, எந்தக் கால் முன்னால் போகிறது என்று இரண்டையும் கவனியுங்கள். வலது கையால் எறிபவரின் இடது கால் முன்னால் போகும். அதுவே ஆர்த்தடாக்ஸின் அடிப்படை.

ஆணி அடிக்கும்போது சுத்தியல் எந்தக் கையில்? தோட்ட வேலை தெரிந்தவர் என்றால் களைக்கொத்து எந்தக் கையில், கவாத்துக் கத்தி எந்தக் கையில் என்று கேளுங்கள். கொழுந்து பறிப்பது மட்டும் சோதனைக்கு உதவாது. பழகியவர்கள் இரண்டு கையாலும்தான் பறிக்கிறார்கள்.

பந்தை ஓங்கி உதைக்கச் சொல்லுங்கள். உதைக்கும் கால் பெரும்பாலும் பின் காலாக அமையும். ஊன்றும் கால் லீட் காலாகும்.

கடைசியாகத்தான் பேக் (தொங்கும் குத்துப்பை). கையில் பேண்டேஜ் (கையைக் காக்கச் சுற்றும் துணிப்பட்டை) கட்டி, கிளவுஸ் போட்டு, ஆர்த்தடாக்ஸில் இரண்டு நிமிடம், சவுத்பாவில் இரண்டு நிமிடம். எந்தப் பக்கத்தில் பலமாக அடிக்கிறார் என்று பார்க்காதீர்கள். குத்து முடிந்தபின் எந்தப் பக்கத்தில் தடுமாறாமல் பழைய இடத்துக்கே திரும்பி நிற்கிறார் என்று பாருங்கள். போனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

இதையெல்லாம் ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று வாரத்தில், ஆறேழு வகுப்புகளாகப் பரப்புங்கள். முதல் நாளில் எல்லாமே இடறும்.

பின்னாலிருந்து தள்ளி, எந்தக் கால் முன்னால் போகிறது என்று பார்க்கும் சோதனை சரியா?

ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக வேண்டாம். தள்ளும்போது எந்தக் காலில் எடை இருந்ததோ அதற்கு எதிர்க்கால் முன்னால் போகும். ஒரே ஆளுக்கு மூன்று முறை தள்ளினால் மூன்று விதமாக வருவதும் உண்டு. சரிவான முற்றத்தில் செய்தால் அது சோதனையே இல்லை, மலையின் சேட்டை.

கை வலது, கால் இடது என்று மாறி வந்தால்?

கலப்புப் பழக்கம் அரிதானது ஒன்றுமில்லை. கைக்கு முன்னுரிமை கொடுங்கள், காலைப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு விதிவிலக்கு: வலது கால் பின்னால் நிற்கும்போது அந்தக் காலால் உந்தவே வரவில்லை, பழைய முழங்கால் காயம் இருக்கிறது என்றால், உந்தத் தெரிந்த காலைப் பின்னால் வையுங்கள். உந்தாத காலுக்கு மேல் எவ்வளவு பலமான கையை வைத்தாலும் அது வெறும் கைவீச்சுதான்.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் பார்க்க வேண்டுமா?

இரு கைகளாலும் ஒரு முக்கோணம் செய்து, தூரத்துப் பொருளை அதற்குள் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கலாம். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் இருக்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். ஆர்வத்துக்குப் பார்க்கலாம். எங்கள் கருத்தில் நிலையைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதற்கு எடை இல்லை. தாடையைத் தாழ்த்தி, இரண்டு கண்ணாலும் எதிராளியின் மார்பைப் பார்க்கப் பழகினால் போதும்.

நிலையைச் சரியாக எப்படி அமைப்பது?

தரையில் சாக்பீஸால் எதிராளியை நோக்கி ஒரு நேர்க்கோடு போடுங்கள். கோட்டின் இருபுறமும் தோள் அகலத்தில் கால் வைத்து நிற்கவும். பிறகு லீட் காலை மட்டும் இயல்பான ஒரு அடி முன்னால் வையுங்கள். இப்போது லீட் காலின் குதிகாலுக்கும் பின் காலின் பெருவிரலுக்கும் இடையே ஏறக்குறைய உங்கள் ஒரு பாத நீளம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் இரு பாதங்களுக்கு இடையே ஒரு ஜாண் இடைவெளியாவது இருக்கட்டும். எந்தப் பாதமும் கோட்டை மிதிக்கக் கூடாது.

கடிகாரமாக நினைத்துக்கொண்டால் எதிராளி நிற்பது 12 மணி. ஆர்த்தடாக்ஸில் இடது பாதம் 1 மணியை நோக்கும், வலது பாதம் 2 மணியை நோக்கும். சவுத்பாவில் வலது பாதம் 11, இடது பாதம் 10. பின் காலின் குதிகாலை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கால் இரண்டும் லேசாக மடங்க வேண்டும், ஆனால் உட்காரும் அளவுக்கு வேண்டாம். எடையை இரு காலிலும் சமமாக வையுங்கள். ஒரு பக்கம் போகத்தான் வேண்டும் என்றால் பின்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

பின் கை முட்டி தாடையோடு ஒட்டி இருக்கும். லீட் கை கன்ன எலும்பு உயரத்தில், முகத்திலிருந்து ஒரு ஜாண் முன்னால். முழங்கைகள் விலாவை மூடியிருக்கும். தாடை கீழே, லீட் தோள் சற்று மேலே. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி செருகியதுபோல் இறுகியிருந்தால் தோள் அதிகம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

சரிபார்க்க ஒரு வழி: பழகும் ஆள் ஒருவர் உங்கள் நெஞ்சில் கையை வைத்து மெதுவாகத் தள்ளட்டும், பிறகு பக்கவாட்டிலும் தள்ளட்டும். இரண்டுக்கும் கால் நகராமல் தாங்கினால் அடித்தளம் சரி.

புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைப்பதுதான் முதல் இடம் பிடிக்கும் தவறு. கம்பி மேல் நடப்பவரைப்போல் நிற்பார்கள். பக்கவாட்டில் ஒரு ஹுக் (வளைத்து அடிக்கும் குத்து) பட்டாலே சாய்ந்துவிடுவார்கள். இடுப்பு சுழல வழி இல்லாததால் கிராஸும் கையோடு நின்றுவிடும். இதற்கு நேரெதிராக, பயத்தில் நெஞ்சை முழுக்கத் திறந்து சதுரமாக நிற்பவர்கள் உண்டு. ஜாப் அரை அடி குறைந்து போகும், வயிறு முழுவதும் எதிராளிக்குத் தெரியும்.

பின் குதிகால் தரையில் ஒட்டிவிடுவது களைப்பில் வரும். உந்துதல் போய்விடும், பின்வாங்கவும் தாமதமாகும். உங்கள் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். பின் காலில் பந்துப்பகுதி தேய்ந்திருந்தால் நல்லது. குதிகால் தேய்ந்திருந்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

லீட் பாதத்தை நேராக 12 மணிக்குத் திருப்பினால் இடுப்பு திறந்துகொள்ளும். அளவுக்கு அதிகமாக உள்ளே மடக்கினால் லீட் முழங்கால் திருகும். மாதக்கணக்கில் அப்படியே அடித்தால் முழங்காலின் உள்பக்கம் வலிக்கும்.

ஜாப் போடும்போது பின் கை கீழே இறங்குவதும் சகஜம். மறைந்திருக்கும் இடக்கைக்காரர்கள் ஆர்த்தடாக்ஸில் நிற்கும்போது இது இன்னும் அதிகமாகத் தெரியும். அவர்கள் உடம்பு இடது கையை எறியும் கையாக நினைக்கிறது. அதனால் ஜாபோடு உடம்பு முழுவதும் சாய்கிறது, வலது கை சமநிலைக்காகப் பின்னால் விழுகிறது. எத்தனை முறை "கையைத் தூக்கு" என்று கத்தினாலும் திருந்தாத ஒருவர் இருந்தால், ஒரு வகுப்பு சவுத்பாவில் நிறுத்திப் பாருங்கள்.

எங்கள் இடத்தில் சமதளமே இல்லை. முற்றம் சரிவு. பழகலாமா?

கால் வேலையை (காலை வைத்து நகரும் முறையை) சரிவில் பழகாதீர்கள். லீட் கால் இறக்கத்தில் இருந்தால் எடை தானாக முன்னால் போகும். மேட்டில் இருந்தால் பின் குதிகாலில் உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டு மாதத்தில் உடம்பு அதையே சமநிலை என்று பதித்துக்கொள்ளும். பிறகு சமமான ரிங்கில் ஏறினால் விழுவதுபோல் இருக்கும்.

தரை சமமா என்று தெரிந்துகொள்ள ஒரு பந்தை வைத்துப் பாருங்கள், உருண்டால் சரிவு. எட்டடிக்கு எட்டடி சமதளம் கிடைத்தாலும் நிலை பழக அது போதும். வராண்டா, சமுதாயக் கூடம், பள்ளி மேடை எதுவானாலும் சரி. வேறு வழியே இல்லை என்றால், ஒவ்வொரு ரவுண்டுக்கும் நிற்கும் திசையை மாற்றுங்கள்: மேடு நோக்கி, பள்ளம் நோக்கி, குறுக்கே இரு பக்கமும்.

மூடுபனி நாளில் சிமெண்ட் தரை வியர்க்கும். வெறும் கண்ணுக்கு ஈரம் தெரியாது, காலைத் திருப்பும்போதுதான் வழுக்கும். துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்த கால்களுக்குக் கெண்டைச்சதை பலம் உண்டு. அந்த விஷயத்தில் மலைப்பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். பின் குதிகாலைத் தூக்கியே வைத்திருப்பது அவர்களுக்குச் சீக்கிரம் பழகும்.

சவுத்பாவுக்குக் கால் வேலை வேறு விதமா?

ஒரே விதி: போகும் திசைக்கு எந்தக் கால் அருகில் இருக்கிறதோ அது முதலில் நகரும், மற்றது அதே அளவு பின்தொடரும். முன்னால் போக லீட் கால், பின்னால் போகப் பின் கால், இடப்பக்கம் போக இடது கால், வலப்பக்கம் போக வலது கால். கால்கள் ஒன்றையொன்று கடக்கக் கூடாது, ஒட்டவும் கூடாது.

நான் இடக்கைக்காரன். மாஸ்டர் ஆர்த்தடாக்ஸில் நிற்கச் சொல்கிறார். சரியா?

எதற்காகச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. "எல்லோரும் இப்படித்தான் நிற்கிறார்கள், எனக்கு உனக்குத் தனியாகச் சொல்லித்தர நேரமில்லை" என்பது காரணமானால் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். அது சோற்றுக்கை அதட்டலின் இன்னொரு வடிவம்தான்.

தெரிந்து செய்தால் அதில் ஆதாயமும் உண்டு. பலமான கை முன்னால் இருக்கும்போது ஜாபும் லீட் ஹுக்கும் தனிப் பலம் பெறும். ஆஸ்கர் டி லா ஹோயாவும் மிகேல் கோட்டோவும் இடக்கைப் பழக்கமுடையவர்கள். ஆர்த்தடாக்ஸில் நின்று இடது கையால் பேர் வாங்கினார்கள். ஆந்த்ரே வார்டும் அதே ரகம். லீட் ஹுக் உடம்பில் விழும் இடம் எதிராளியின் வலப்பக்கம், அங்கேதான் கல்லீரல் இருக்கிறது.

விலை என்னவென்றால் வலது கை. அது கல்லெறியாத கை. கிராஸ் தாமதமாகவும் வளைந்தும் வரும். இந்த வழியில் போவதென்றால் கிராஸுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்: வலது கையால் லேசான பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது தினமும் ஐம்பது முறை, அதன்பிறகு பேக்கில் வலது கை மட்டும் இரண்டு ரவுண்டு, பலமில்லாமல், பின் கால் திரும்புகிறதா என்று மட்டும் கவனித்து.

நான் வலக்கைக்காரன். எதிராளி குழம்பட்டும் என்று சவுத்பாவில் நிற்கலாமா?

வாசில் லோமச்சென்கோவும் டெரன்ஸ் கிராஃபோர்டும் வலக்கைக்காரர்கள். சவுத்பாவில் நின்று உச்சத்தைத் தொட்டார்கள். ஆனால் அவர்கள் அதைப் பல ஆண்டுகள் பழகியவர்கள். ஆறு மாதம் பழகியவர் மாற்றி நின்றால் எதிராளி குழம்புவதற்கு முன் அவரே குழம்பிவிடுவார். தடுப்பும் பின்வாங்குவதும் பழைய பக்கத்திலேயே உடம்பில் பதிந்திருக்கும். அடி விழும்போது யோசிக்க நேரமிருக்காது.

ஒரு வருடமாவது ஒரே நிலையில் நில்லுங்கள். அதற்குப் பிறகு ஷேடோ பாக்ஸிங்கில் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவதில்) நான்கில் ஒரு ரவுண்டு மறுபக்கம் பழகலாம்.

சண்டை நடுவில் நிலையை மாற்றுவது?

மாற்ற விதி தடுப்பதில்லை. எப்போது மாற்றுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. எதிராளியின் கைக்கெட்டும் தூரத்தில் கால்களை இடம் மாற்றினால், ஒரு கணம் இரண்டு காலும் இணையாகி நிற்கும். அந்தக் கணத்தில் லேசான ஜாப் பட்டாலும் உட்கார்ந்துவிடுவீர்கள். தூரத்தில் இருக்கும்போது மாற்றுங்கள். இல்லையென்றால் கிராஸ் போட்டுக்கொண்டே பின் காலை முன்னால் கொண்டுவந்து மாற்றுங்கள்.

1987 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகஸில் சுகர் ரே லெனார்டை எதிர்த்த மார்வின் ஹேக்லர் சவுத்பாவாக உலகம் அறிந்தவர். அன்றைக்கு ஆர்த்தடாக்ஸில் தொடங்கினார். முதல் ரவுண்டுகள் கைநழுவின. 12 ரவுண்டுக்குப் பின் நடுவர்கள் பிளவுபட்டு லெனார்டுக்குத் தீர்ப்பு கொடுத்தார்கள். யார் வென்றார் என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்தத் தொடக்கம் தவறு என்பதில் மட்டும் அதிகம் வாதமில்லை.

சவுத்பாவை எதிர்த்து ஆர்த்தடாக்ஸ்காரர் ஏன் இவ்வளவு திணறுகிறார்?

இருவரும் ஒரே நிலையில் நின்றால் ஒருவர் லீட் காலுக்கு எதிரே மற்றவரின் லீட் கால் குறுக்காக விலகி இருக்கும். எதிர் நிலைகள் சந்திக்கும்போது இரண்டு லீட் கால்களும் நேருக்கு நேர் வந்து மிதிபடும். லீட் கைகள் ஒன்றின் வழியை ஒன்று மறிக்கும், ஜாப் எளிதாகப் போகாது. பின் கைகளுக்கோ வாசல் திறந்துவிடும். இது இருவருக்குமே பொதுவான சிக்கல். சவுத்பா மட்டும் தினமும் ஆர்த்தடாக்ஸ்காரர்களோடுதான் பழகுகிறார். ஆர்த்தடாக்ஸ்காரர் சவுத்பாவை எப்போதோ ஒருமுறைதான் பார்க்கிறார். பாதித் திணறல் பழக்கமின்மையால் வருவது.

முகமது அலிக்கே 1966 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் சவுத்பா கார்ல் மில்டன்பெர்கரை நிறுத்த 12ஆம் ரவுண்டு வரை ஆனது.

செய்ய வேண்டியது இது. உங்கள் லீட் காலை எதிராளியின் லீட் காலுக்கு வெளிப்பக்கம் வையுங்கள். ஆர்த்தடாக்ஸ்காரருக்கு அது தன் இடப்பக்கம். அப்படி நகரும்போது எதிராளியின் இடது கிராஸிலிருந்து விலகுகிறீர்கள், உங்கள் வலது கைக்கு நேர்வழி கிடைக்கிறது. ஒரே நிலைக்காரரை எதிர்க்கும்போது இது தலைகீழ். அங்கே தன் இடப்பக்கம் போனால் அவருடைய வலது கைக்குள் நடந்து போவீர்கள். பல நாள் பழக்கத்தில் "இடப்பக்கம் சுற்று" என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜாபை வெறும் குத்தாக நினைக்காதீர்கள். எதிராளியின் லீட் கையைத் தட்டவும் கீழே அழுத்தவும் கண்ணை மறைக்கவும் பயன்படுத்துங்கள். பின் கையை ஜாப் இல்லாமலே முதல் குத்தாகப் போடலாம். வயிற்றுக்குப் போடுவது பாதுகாப்பானது.

வெளிக்காலைப் பிடிக்கும் ஆசையில் எதிராளியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் மேலே அடி விழும். காலை உணர்ந்து வையுங்கள், கண் மார்பில் இருக்கட்டும். வெளிக்கால் கிடைக்காதபோது பிடிவாதம் வேண்டாம். உள்ளே நுழைந்து லீட் ஹுக், அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து) என்று குறுகிய குத்துகளுக்கு மாறுங்கள்.

எங்கள் இடத்தில் சவுத்பாவே கிடையாது. எப்படிப் பழகுவது?

சிறிய மலையூர்களில் பழகும் ஆட்களே பத்துப் பேர்தான், அதில் சவுத்பா ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆர்த்தடாக்ஸ்காரர் ஒருவரை மாற்றி நிற்கச்சொல்லி, லீட் கைகள் மட்டும் மோதும் பயிற்சியை இரண்டு ரவுண்டு செய்யலாம். குத்தில்லாமல் தோளைத் தொடும் விளையாட்டாக. அடுத்து கால் மட்டும்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யார் வெளிக்காலைப் பிடிக்கிறார் என்று பார்ப்பது. அதற்குப் பிறகு லேசான ஸ்பாரிங் (சண்டைபோல் மோதிப் பழகுவது). போலிச் சவுத்பாவின் தடுப்பு பலவீனமாக இருக்கும் என்பதால் தலைக்குப் பலமாக அடிக்கக் கூடாது, 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ் போடுங்கள்.

சவுத்பாவுக்குப் பேட் (குத்து வாங்கக் கையில் மாட்டும் மெத்தை) பிடிக்கும்போது எல்லாம் குழம்புகிறது.

பேட் பிடிப்பவரும் வலது காலை முன்னால் வைத்தால் இருவருக்கும் கால் இடிக்காது. சவுத்பாவை ஆர்த்தடாக்ஸ் எதிராளிக்குத் தயார் செய்வதென்றால் நீங்கள் இடது காலை முன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த இடிபாடுதான் பாடம். ஜாபை எந்தப் பேடில் வாங்குவது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. எதை எடுத்தாலும் ஒரே முறையில் நில்லுங்கள். பேடைக் காதுக்கு வெளியே விரித்துப் பிடித்தால் குத்துபவர் இல்லாத ஆளை அடிக்கப் பழகுவார். உங்கள் முகத்துக்கு முன்னால், நடுக்கோட்டுக்கு அருகில் பிடியுங்கள்.

உயரமும் குளிரும் நிலையைப் பாதிக்குமா?

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. கீழிருந்து வருபவர்களுக்கு மூன்று நிமிட ரவுண்டின் இரண்டாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். மூச்சு போனால் முதலில் கெடுவது நிலை: உடம்பு நிமிரும், முழங்கால் நேராகும், பின் குதிகால் விழும், கை இறங்கும். முதல் வாரம் ரவுண்டை இரண்டு நிமிடமாக வைத்து, நிலை கெடும்போதே நிறுத்துங்கள். கெட்ட நிலையில் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் கெட்டதையே பதிக்கும்.

மலைக்காரர்கள் போட்டிக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ இறங்கும்போது சிக்கல் வேறு. மூச்சு தாராளமாக இருக்கும், ஆனால் வியர்வை ஆளைத் தின்றுவிடும். முடிந்தால் நான்கைந்து நாள் முன்பே போய் வெயிலில் பழகிக்கொள்ளுங்கள். உப்பும் தண்ணீரும் கூட்டுங்கள்.

குளிர் காலையில் உடம்பு சூடாகப் பத்து நிமிடம் போதாது, இருபது நிமிடம் எடுங்கள். குளிர்ந்த கெண்டைச்சதையோடு பின் குதிகாலைத் தூக்கித் துள்ளினால் குதிகால் தசைநார் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைக்கு எட்டு வயது. இப்போதே நிலையை முடிவு செய்துவிடலாமா?

வேண்டாம். இரண்டு பக்கமும் விளையாட்டாக நிற்கட்டும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறது என்று தானாகத் தெரியும். பேக்கில் பலமாக அடிப்பதும் தலைக்குக் குத்து வாங்குவதும் அந்த வயதில் தேவையில்லை. பிள்ளை இடது கையை நீட்டினால் திருத்தாதீர்கள் என்பது மட்டும் எங்கள் வேண்டுகோள். வீட்டில் பாட்டி என்ன சொன்னாலும் சரி.

பட்டாளத்தில் சேரத் தயாராகிறேன். துப்பாக்கி பிடிக்கும் நிலையும் இதுவும் ஒன்றா?

மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் குன்னூர் அருகே வெலிங்டனில் இருப்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வரும். வலது தோளில் ரைபிளை வைத்து நின்று சுடுபவரின் இடது கால்தான் முன்னால் இருக்கும். அந்த அளவில் ஆர்த்தடாக்ஸைப் போன்றது. ஒற்றுமை அதோடு முடிகிறது. அங்கே அசையாமல் நிற்க வேண்டும், இங்கே எந்த நொடியும் நகரத் தயாராக இருக்க வேண்டும்.

பேண்டேஜை எந்தக் கையில் முதலில் கட்டுவது?

பலமான கையில். அதைக் கட்டப்போவது திறமை குறைந்த கை, அது வெறுங்கையாக இருக்கும்போதே அந்த வேலை முடியட்டும். இரண்டாவது கையைக் கட்டும்போது பலமான கையில் துணி சுற்றியிருந்தாலும் சமாளித்துவிடும். 4.5 மீட்டர் நீளப் பேண்டேஜ் எடுங்கள். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, கைமுட்டி எலும்புகள் மேல் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக, பிறகு கட்டைவிரல், மீதியை மணிக்கட்டில் முடியுங்கள். விரலை விரித்துக்கொண்டே கட்டினால்தான் கைமுட்டி மடக்கும்போது சரியாக இறுகும். விரல் நுனி வெளுத்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். மழைக்காலத்தில் துவைத்த பேண்டேஜ் இரண்டு நாளானாலும் காயாது, மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கிளவுஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுக்கும். மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள்.